ஹெச்.ஆர். இல்லாத இடத்தில் இன்டர்ன்ஷிப்: ஓவியம், நாடகம், நடனம், இசை படிப்பவர்களுக்கு

நானும் என் சித்தி மகனும் ஒரே மே மாதத்தில் இன்டர்ன்ஷிப் போனோம். அவன் பொறியியல் மாணவன். சேரும் நாள், முடியும் நாள், யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், கேன்டீனில் எந்த வேளைக்குச் சாப்பாடு என்பது வரை எழுதி அவனுக்கு ஹெச்.ஆரிலிருந்து (மனிதவளப் பிரிவு) மின்னஞ்சல் வந்தது. நான் பி.எஃப்.ஏ. (இளநிலை நுண்கலைப் பட்டம்) ஓவியம். நான் போன கேலரியில் சொன்னது மூன்றே வார்த்தை: “சரி, நாளைக்கு வந்துடு.”

போனேன். முப்பத்தைந்து நாள் வேலை செய்தேன். கடைசியில் கையில் கிடைத்த சான்றிதழில் தேதி இல்லை, எத்தனை மணி நேரம் என்று இல்லை. ‘ஆர்வமுள்ள மாணவர்’ என்று ஒரு வரி மட்டும். கல்லூரியில் என் துறையில் அதை ஏற்கவில்லை. திருத்தி வாங்கலாம் என்று திரும்பப் போனால், என்னைப் பார்த்துக்கொண்ட க்யூரேட்டர் (கண்காட்சிப் பொறுப்பாளர்) வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். அடுத்த விடுமுறையில் இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்தக் கேலரி மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. கலை மாணவர்கள் போகும் பெரும்பாலான இடங்களில் ஹெச்.ஆர். என்று ஓர் ஆளே கிடையாது. நாடகக் குழுவில் இயக்குநரே கணக்கும் பார்ப்பார். சின்ன கேலரி என்றால் மொத்தமே மூன்று பேர். ஓவியரின் ஸ்டூடியோ என்றால் அவரும் அவர் வளர்க்கும் நாயும். ஆகவே அந்த ஹெச்.ஆர். வேலையையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. சென்னையையும் தமிழ்நாட்டையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் துறைக்குப் போங்கள்

இடம் தேடுவதற்கு முன்பே துறைத் தலைவரைப் பாருங்கள். முதல் கேள்வி மணிக்கணக்கு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம் இன்டர்ன்ஷிப்பில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. இரண்டு கிரெடிட் என்றால் 60 மணி, நான்கு என்றால் 120. உங்கள் பல்கலைக்கழகம் வேறு கணக்கு வைத்திருக்கலாம். ‘ஒரு மாதம்’ என்று வாய்மொழியாகச் சொன்னால் அது எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சி திறக்கும் வாரத்தில் ஒரே நாளில் 11 மணி நேரம் வேலை இருக்கும், அடுத்த வாரம் ஒன்றுமே இருக்காது. நாள் கணக்கு நமக்கு ஒத்துவராது.

அடுத்து கேட்க வேண்டியவை: இரண்டு இடங்களில் பாதிப் பாதியாகச் செய்யலாமா? சொந்த குருவிடமே செய்தால் ஏற்பார்களா? (நடன, இசை மாணவர்களுக்கு இது பெரிய கேள்வி. பல துறைகள் ஏற்பதில்லை. ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கும் இடத்தில் என்ன புதிதாகக் கற்பீர்கள் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் உண்டு.) இரவு வேலை கணக்கில் சேருமா? லாக் புக்குக்கு (தினசரி வேலைப் பதிவேடு) துறையில் தனிப் படிவம் இருக்கிறதா?

கிளம்பும்போது, நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர்தான் என்று சொல்லும் போனஃபைட் சான்றிதழும் துறைத் தலைவரின் அறிமுகக் கடிதமும் வாங்குங்கள். கடிதத்தில் பெறுநர் பெயர் போடாமல் மூன்று நான்கு பிரதி கேளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு நின்றால், அதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

எங்கே, எப்போது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பெரிய பெயர். நான் சொல்வது, முதலில் காலண்டரைப் பாருங்கள். எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் நீங்கள் போகும் மாதத்தில் அங்கே வேலை நடக்கவில்லை என்றால் பழைய கேட்டலாக் அடுக்கிவிட்டு வருவீர்கள்.

இசை, நடனத்துக்கு மார்கழிதான். மியூசிக் அகாதெமியில் தொடங்கி தெருமுனைச் சபா வரை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் நாட்கள் வரை சென்னையில் ஆள் தேவைப்படாத மேடையே இல்லை. அரங்க நிர்வாகம் கற்க அதைவிடச் செறிவான இரண்டு வாரம் கிடைக்காது. சிக்கல், அது செமஸ்டர் தேர்வோடு மோதலாம். அக்டோபரிலேயே பேசி வைத்துவிடுங்கள், டிசம்பரில் போய்க் கேட்டால் சபா செயலாளர் உங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பாவம், அவருக்கு நேரம் இருக்காது.

கோடை விடுமுறையில் நகரத்து மேடைகள் மந்தம். ஆனால் வட மாவட்டங்களில் தெருக்கூத்துக்கு அதுதான் பருவம். பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகப் பாரதக் கூத்து நடக்கும். நாடகம், நடனம் படிப்பவர்கள் ஒரு ஜமாவோடு (கூத்துக் குழு) பத்து ராத்திரி போனால் போதும். அரிதாரம் பூசுவது, கட்டை (மர அணிகலன்கள்) கட்டுவது, கட்டியங்காரன் (கதையை நடத்திச் செல்லும் கோமாளி) எந்த இடத்தில் கதையை இழுக்கிறார், எந்த இடத்தில் சுருக்குகிறார் என்பதெல்லாம் வகுப்பில் கிடைக்காது. நவீன நாடகம் என்றால் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை வழி வந்தவர்கள் இன்று பல குழுக்களாக இயங்குகிறார்கள். ஒரு குழு தயாரிப்பு ஒத்திகையில் இருக்கும்போது சேருங்கள். ‘அடுத்த நாடகம் எப்போது?’ என்று கேட்டுவிட்டுச் சேர்வது தவறே இல்லை.

கண்கலை மாணவர்களுக்குத் தெரிவு அதிகம். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, எழும்பூர் அரசு அருங்காட்சியகம், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் ஆகியவற்றில் பொருட்களைக் காப்பதும் காட்டுவதும் எப்படி என்று பார்க்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அச்சுக்கலையிலும் பழைய காலண்டர், நோட்டீஸ் வடிவமைப்பிலும் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சுரங்கம். சிற்ப மாணவர்களுக்கு மாமல்லபுரத்துக் கல் பட்டறையும் சுவாமிமலை ஸ்தபதிகளின் வார்ப்புப் பட்டறையும் இருக்கின்றன. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எல்லோரும் அறிவார்கள். அங்கே நிறுவனத்தைவிடத் தனித்தனி ஓவியர்களிடம் கேட்பது நல்லது என்பது என் எண்ணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் குளிர்காலத்தில் படிப்பவர் என்றால் அதிர்ஷ்டசாலி. கண்காட்சியை நிறுவுவதற்கு அங்கே கைகள் நிறையத் தேவைப்படும்.

சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டைப் பற்றியும் கேட்பீர்கள். கற்றுக்கொள்ளலாம், நிறையவே. ஆனால் ஷெட்யூல் தள்ளிப்போகும், படம் நின்றுபோகும், கடிதம் கொடுக்க வேண்டியவர் வேறு படத்துக்குப் போயிருப்பார். கிரெடிட்டுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

கேட்பது எப்படி

மின்னஞ்சல் அனுப்புங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். இரண்டு நாள் கழித்து போன் செய்து, நேரம் கேட்டு, நேரில் போய் நில்லுங்கள். கலை உலகம் இன்னும் நேரில் வருபவரைத்தான் நம்புகிறது. போகும்போது ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துப் போங்கள். அழகான பி.டி.எஃப். போர்ட்ஃபோலியோவைவிட அழுக்கான ஸ்கெட்ச் புத்தகத்தை ஓவியர்கள் ஆசையாகப் புரட்டுவார்கள்.

போர்ட்ஃபோலியோவில் 10 அல்லது 12 படைப்பு போதும். ஒவ்வொன்றுக்கும் அளவு, ஊடகம், ஆண்டு. நடிப்பு, நடனம் என்றால் வெட்டு ஒட்டு இல்லாத இரண்டு நிமிட வீடியோ. பின்னணி இசை சேர்த்து ஸ்லோமோஷன் போட்டு அனுப்பினால் அடவு எப்படி என்று யாருக்கும் தெரியாது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா/அம்மா, வணக்கம். நான் ________ கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ஓவியம் படிக்கிறேன். எனக்கு 120 மணி நேர இன்டர்ன்ஷிப் தேவை. மே 5 முதல் ஜூன் 10 வரை வாரத்தில் ஐந்து நாள் வர முடியும். கேன்வாஸ் ஸ்ட்ரெச் செய்யவும், படைப்புகளைப் புகைப்படம் எடுக்கவும் தெரியும். ஜூனில் நீங்கள் நடத்தும் கண்காட்சிக்கான வேலையில் உதவ விரும்புகிறேன். துறைத் தலைவரின் கடிதத்தை இணைத்திருக்கிறேன். வியாழன் அல்லது வெள்ளி நேரில் வந்து பார்க்கலாமா?”

‘சிறு வயதிலிருந்தே கலை மீது தீராத ஆர்வம்’ என்ற வரி இதில் இல்லை, கவனித்தீர்களா? அது எல்லோருடைய கடிதத்திலும் இருக்கிறது. தெரிந்த கைவேலை ஒன்றிரண்டு சொன்னால் போதும், உங்களை எங்கே நிறுத்தலாம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு பக்கக் கடிதம்

‘சரி, வா’ என்று சொன்னதும் வீட்டுக்கு வந்து நீங்களே ஒரு பக்கக் கடிதம் தட்டச்சு செய்யுங்கள். என்ன பேசினீர்களோ அதைப் பணிவாக எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அனுப்புங்கள். ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால் சிலர் மிரளுவார்கள். ‘விவரக் குறிப்பு’ என்று தலைப்புப் போட்டால் பிரச்சினை இல்லை. ‘ஓகே’ என்று ஒரு பதில் வந்தாலே உங்களுக்கு ஆதாரம்.

அதில் தொடங்கும் நாள், முடியும் நாள், மொத்த மணி நேரம், யார் உங்களுக்குப் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் யார் கையெழுத்திடுவார் என்பன இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் நான் கோட்டைவிட்டது.

பணம். கூச்சப்படாமல் கேளுங்கள். சின்னக் குழுக்களால் ஸ்டைபண்ட் (உதவித்தொகை) தர முடியாது என்பது நிஜம். ஆனால் பஸ் செலவு, சாப்பாடு, இரவு தாமதமானால் வீட்டுக்குப் போக ஆட்டோ இவற்றைக் கேட்பதில் தவறில்லை. சேர்வதற்கு உங்களிடமே பணம் கேட்டால் அது பயிற்சி வகுப்பு. பயிற்சியாக நல்லதாக இருக்கலாம், ஆனால் அப்படித் தெரிந்தே சேருங்கள்.

படைப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். இன்டர்ன் ஊழியரா இல்லையா என்று பிற்பாடு வாதாடுவதைவிட, ‘இங்கே நான் வரையும் போஸ்டரை என் போர்ட்ஃபோலியோவில் பயன்படுத்தலாம், என் பெயர் குறிப்பிடப்படும்’ என்று இப்போதே ஒரு வரி போடுவது எளிது.

போட்டோவும் அப்படித்தான். ஒத்திகையைப் படம் பிடித்து அன்றே இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். மேடையில் நிகழ்த்துபவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது தப்பு. என் ஜூனியர் ஒருத்தி, நாடகம் அரங்கேறுவதற்கு நான்கு நாள் முன்பு முகமூடிகளைப் படமெடுத்துப் போட்டுவிட்டாள். அந்த முகமூடிகள்தான் நாடகத்தின் முடிச்சே. யாரும் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அவளை ஒத்திகைக்குள் விடவும் இல்லை, நாற்காலி போடத்தான் விட்டார்கள்.

உள்ளே போனபின் என்ன வேலை

நீங்கள் ஓவியர், நடிகர், பாடகர் என்பதற்காக யாரும் உங்களை வரையவோ நடிக்கவோ பாடவோ சொல்ல மாட்டார்கள். முதல் வாரம் பலருக்கு இதுதான் ஏமாற்றம். ஒரு கலை மக்கள் முன்னால் வந்து சேர்வதற்கு நடுவில் எத்தனை வேலை இருக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

கேலரியில் முதலில் கற்பது கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது படத்தின் நிலை பற்றிய குறிப்பு. படம் வந்ததும் நாலு மூலை, சட்டம், பின்பக்கம் எல்லாம் பார்த்து, கீறல், விரிசல், ஈரக்கறை எது எங்கே இருக்கிறது என்று புகைப்படத்தோடு எழுதி வைக்க வேண்டும். திரும்பிப் போகும்போதும் அதேபோல. இதை ஒழுங்காக எழுதத் தெரிந்த மாணவரை எந்தக் கேலரியும் விடாது.

அப்புறம் படம் மாட்டுவது. கண்ணால் பார்த்து ஆணி அடித்தால் வரிசை கோணும். படத்தின் நடு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 57 முதல் 60 அங்குலத்தில் வர வேண்டும் என்பது பொதுவான வழக்கம். நாங்கள் 58 வைத்துக்கொள்வோம். 30 அங்குல உயரப் படம், பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 4 அங்குலம் கீழே நிற்கிறது என்றால்: 58 கூட்டு 15 கழித்தல் 4. ஆணி 69 அங்குலத்தில். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் முதல் நாளே உங்கள் கையில் டேப் கொடுத்துவிடுவார்கள்.

பேக்கிங்கில் பப்பிள் ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றக் கூடாது. முதலில் கிளாசின் தாள் (வழுவழுப்பான மெல்லிய தாள்), அதன் மேல் பப்பிள் ராப், குமிழ்ப் பக்கம் வெளியே பார்த்தபடி. குமிழ் உள்ளே இருந்தால் வெயிலில் வேன் நிற்கும்போது வண்ணத்தில் வட்ட வட்டமாக அச்சு விழும். காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியக வழக்கம். லக்ஸ் மீட்டரைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு மங்கல் என்று புரியும்.

சபாவில் வேறு கதை. பாடகர் எத்தனை கட்டை (சுருதி உயரத்தைச் சொல்லும் கணக்கு) சுருதி என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். ஆண் பாடகர்கள் பலர் 1 முதல் 2 கட்டைக்குள், பெண் பாடகர்கள் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். அதற்கேற்பத்தான் மிருதங்கக்காரர் எந்த மிருதங்கத்தைக் கொண்டுவருவது என்று முடிவு செய்வார். அரங்கத்தின் ஏசியைக் கச்சேரி தொடங்கியபின் போட்டால் தோல் வாத்தியத்தின் சுருதி நகரும். முன்பே ஓடவிட வேண்டும். இதெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. ஒருநாள் மேடையில் வித்வான் உங்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அப்போது தெரிந்துகொள்வீர்கள். பார்வை விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாடகத்தில் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வேலை க்யூ ஷீட். வரிசை எண், எந்த வசனத்தில், எந்த விளக்கு, எத்தனை விநாடியில் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதுவது. பார் லைட், ப்ரொஃபைல் என்ற இரண்டு வகை மேடை விளக்குகளுக்கும் உள்ள வித்தியாசத்தை லைட்மேன் அண்ணனிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார். அரங்கத்தில் யாருக்கு எந்த மரியாதை என்று குழம்ப வேண்டாம்: தொழில்நுட்ப ஆட்கள் எல்லோரும் அண்ணன், அக்கா. மூத்த கலைஞர்கள் சார், அம்மா, மாஸ்டர். கூத்து ஜமாவில் வாத்தியார்.

உடம்பையும் பாருங்கள். கல் பட்டறையில் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கர்ச்சீப் போதாது, என்95 முகக்கவசம் உங்கள் காசிலாவது வாங்கிப் போங்கள். விளக்குக் கட்ட ஏணி ஏறும்போது செருப்பு வேண்டாம், ஷூ. டர்பன்டைன் நெடி அடிக்கும் அறையில் ஜன்னலைத் திறக்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

லாக் புக்

தினமும் இரவு பத்து நிமிடம். தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், செய்த வேலை, கற்ற ஒரு விஷயம். அவ்வளவுதான். ‘கேலரியில் உதவினேன்’ என்று எழுதாதீர்கள். ‘14 படங்களுக்குக் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதினேன், இரண்டில் சட்டம் விட்டிருந்தது’ என்று எழுதுங்கள்.

கையெழுத்து வாரம் ஒருமுறை, வெள்ளி அல்லது சனி. மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் என் கதைதான். கையெழுத்தான பக்கத்தை அன்றே போனில் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

கூத்துக்குப் போனவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். இரவு 9 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 6 மணிக்கு முடிந்தால் எந்தத் தேதி? ஒரு மாணவன் இரண்டு தேதியிலும் எழுதி, மணிக்கணக்கு இரட்டிப்பாகி, துறையில் ஏமாற்றுகிறான் என்றே நினைத்துவிட்டார்கள். தொடங்கிய தேதியில் எழுதி, ‘மறுநாள் காலை 6 வரை’ என்று சேர்த்துவிடுங்கள்.

சரியில்லாத இடம்

வேலை சலிப்பாக இருப்பது வேறு, இடம் சரியில்லாதது வேறு. ஒரு வாரம் முழுக்க வங்கிக்கும் கூரியருக்கும் மட்டும் அனுப்பினால், விவரக் குறிப்பைக் காட்டி, ‘படம் மாட்டும் வேலையிலும் சேர்ந்துக்கட்டுமா சார்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் மறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தொட்டுத் திருத்திச் சொல்லிக் கொடுப்பது நம் துறைகளில் சாதாரணம். அதைச் சாக்காக வைத்து எல்லை மீறுபவர்களும் உண்டு. எது பாடம், எது அத்துமீறல் என்று உங்கள் உடம்புக்கே தெரியும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவர்களையும் சேர்த்தே காக்கிறது, சம்பளம் வாங்காதவராக இருந்தாலும் சரி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு மகளிர் உதவி எண் 181. சட்டம் பெண்களைக் குறித்தது என்றாலும், ஆண் மாணவர்களும் மாற்றுப்பாலின மாணவர்களும் கல்லூரியில் பேராசிரியரிடம் சொல்லி அந்த இடத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். ஒரு குரு பெரியவர் என்பதற்காக 120 மணி நேரத்தை முடித்தே தீர வேண்டும் என்று எதுவும் இல்லை. முடித்த மணி நேரத்துக்கு லாக் புக் இருக்கிறது, மீதியை வேறு இடத்தில் செய்யலாமா என்று துறையில் பேசுங்கள்.

அறிக்கை, சான்றிதழ், வைவா

அறிக்கையில் அந்த நிறுவனத்தின் வரலாற்றை ஐந்து பக்கம் எழுதி நிரப்புவது வழக்கம். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) அதை யாரும் படிப்பதில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை எழுதுங்கள்: ஒரு படம் ஓவியரின் வீட்டிலிருந்து கேலரிச் சுவருக்கு எப்படி வந்தது, ஒரு காட்சியின் விளக்கமைப்பு ஒத்திகைக்கு ஒத்திகை எப்படி மாறியது. உங்கள் க்யூ ஷீட், தரைப்படம், கணக்குப் போட்ட காகிதம், கசங்கியதாக இருந்தாலும், பின்னிணைப்பில் சேருங்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதிலே நீங்க என்ன செஞ்சீங்க?” ‘நாங்கள்’ என்று பதில் தொடங்கினால் அடுத்த கேள்வி கடினமாக வரும்.

சான்றிதழுக்கான வாசகத்தையும் நீங்களே தட்டச்சு செய்து, கடைசி வாரத்தின் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அவர்கள் சந்தோஷமாக லெட்டர்ஹெட்டில் எடுத்துக் கையெழுத்திடுவார்கள், ஒரு வேலை மிச்சம். கையில் வாங்கியதும், அங்கேயே நின்று, ஐந்து விஷயம் சரிபாருங்கள்: கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி உங்கள் பெயரும் இனிஷியலும், பதிவு எண், இரண்டு தேதி, மொத்த மணி நேரம், கையெழுத்தின் கீழே முத்திரை. இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காகவே திருப்பி அனுப்பிய அலுவலகத்தை எனக்குத் தெரியும். முத்திரை இல்லாத கூத்து ஜமா என்றால், வாத்தியார் கைப்பட எழுதிய கடிதத்தையும் அவர் தொலைபேசி எண்ணையும் ஏற்பார்களா என்று துறையில் முதல் நாளே கேட்டு வைத்திருப்பீர்கள் அல்லவா? கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.